வெயிலைத் தள்ளிப்போடும் சுவர்

சித்திரை மாதத்தில் புதுக்கோட்டைப் பக்கம் ஏதாவது ஒரு கான்கிரீட் வீட்டில், இரவு பத்து மணிக்குப் படுக்கையறையின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பொழுது சாய்ந்து மூன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். வாசலில் காற்று தணிந்திருக்கும். தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் ஆசுவாசமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். உள்ளே சுவர் அப்போதுதான் நன்றாகச் சுடத் தொடங்கியிருக்கும். பதினொரு மணிக்குத் தொட்டால் இன்னும் சுடும். பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுவது அந்த நேரத்தில்தான்.

பிற்பகல் மூன்றரை, நான்கு மணிக்கு வெளிப்பக்கம் விழுந்த வெயில், ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரைக் கடந்து உள்பக்கம் வந்து சேர ஏழு, எட்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. வெப்பம் ஒரு பொருளுக்குள் எப்படிப் பரவுகிறது என்பதற்கு முறையான கணக்கைத் தந்தவர் பிரான்ஸ் நாட்டின் ஜோசப் ஃபூரியே. அவருடைய நூல் வெளிவந்தது 1822இல். பகலில் ஏறி இரவில் இறங்கும் வெயிலை ஓர் அலையாக எடுத்துக்கொண்டு, அவருடைய சமன்பாட்டில் செங்கலின் குணங்களைப் போட்டால் அழகான விடை ஒன்று வருகிறது. சுமார் பன்னிரண்டு சென்டிமீட்டர் செங்கலைக் கடப்பதற்குள் அந்த அலையின் உயரம் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வந்துவிடும்; கூடவே நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்தங்கும். பன்னிரண்டு சென்டிமீட்டர் என்பது நம் கொத்தனார்கள் எழுப்பும் நாலரை இஞ்ச் சுவரின் கனம். ஆக, ஒன்பது இஞ்ச் சுவரில் அலை இரண்டு படி இறங்கி, ஏழில் ஒரு பங்காகி, எட்டு மணி நேரத்தை ஒட்டித் தாமதமாக வரும். பதினெட்டு இஞ்ச் சுவரில் நாலு படி இறங்கி, ஐம்பதில் ஒரு பங்காகிவிடும். மறுநாள் விடியும்போது அது உள்ளே வந்து சேர்ந்தால்கூட யாரும் உணரப்போவதில்லை. சுவரைக் கட்டும்போதே வெயில் எத்தனை மணிக்கு உள்ளே வர வேண்டும் என்று நாம் நேரம் குறித்துவிடுகிறோம். பெரும்பாலும் தெரியாமலேயே குறிக்கிறோம்.

மண்ணுக்குள்ளும் இதே கணக்குதான். ஒரு நாளின் வெயில் அலை மண்ணில் இரண்டு மூன்று அடிக்குள் செத்துப்போகும். ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் பெரிய அலை மட்டும் இன்னும் ஆழமாகப் போகும். இருபது இருபத்தைந்து அடி ஆழத்துக்குப் போகும்போது அதுவும் மிக மெலிந்து, ஆறு மாதம் பின்தங்கிவிடும். கத்திரி வெயிலின் சாயல் அங்கே ஐப்பசி கார்த்திகையில்தான் லேசாகத் தெரியும். கிணற்றுத் தண்ணீர் மார்கழி விடியலில் வெதுவெதுப்பாகவும் சித்திரை மதியத்தில் குளுமையாகவும் இருப்பதன் காரணம் இதுதான். தண்ணீர் ஆண்டு முழுதும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கிறது. புதுக்கோட்டையில் அது 28, 29 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். இந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையும் அதை ஒட்டியதே. மாறுவது நம் தோலைச் சூழ்ந்திருக்கும் காற்று.

வீடு கட்டுபவர்களுக்கு அந்த 28, 29 டிகிரி மிக முக்கியமான எண் என்று நான் நினைக்கிறேன். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு தமிழருக்கு அது உறுத்தாத சூடு. இந்தியர்கள் எந்த வெப்பநிலையில் சௌகரியமாக இருக்கிறார்கள் என்று அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் பல நகரங்களில் ஆராய்ந்து ஒரு மாதிரியை உருவாக்கியது. மேலைநாட்டு அலுவலக விதிகள் சொல்வதைவிட அதிகச் சூட்டிலும் நம் மக்கள் சௌகரியமாகவே இருக்கிறார்கள் என்பது அதில் தெரிந்தது. அப்படியானால் புதுக்கோட்டை வீட்டின் வேலை, பகலின் உச்சத்தையும் இரவின் தணிவையும் கலந்து நடுவில் நிறுத்துவது. மே மாதத்தில் அந்த நடுவே 32, 33க்கு ஏறிவிடும் என்பது உண்மை. அப்போதும் விசிறிக் காற்று உடலுக்கு மூன்று டிகிரி அளவுக்குச் சூட்டைக் குறைத்ததுபோல் உணரவைக்கும். மிச்சத்தை நிழல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டொராண்டோவில் குடியேறிய தமிழர் வீட்டுக்கு இந்த வழி உதவாது. அங்கே ஜனவரி மாதத்தின் சராசரியே பூச்சியத்துக்குக் கீழே. பகலையும் இரவையும் எப்படிக் கலந்தாலும் கிடைப்பது குளிர்தான். சுவரைப் பதினெட்டு இஞ்ச் செங்கலில் கட்டினால் குளிர் தாமதமாக வருமே தவிர வராமல் இருக்காது. வாரக்கணக்கில் ஒரே திசையில் வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கும். அங்கே வேண்டியது தாமதம் இல்லை, தடை. ஐஸ்கட்டியை மரத்தூளில் புதைத்து, கோணியைச் சுற்றி வைக்கிறோமே, அதேபோல வீட்டைச் சுற்றிக் காற்றை நுண்ணிய அறைகளில் அடைத்து வைத்த கண்ணாடிப் பஞ்சோ நுரைப் பலகையோ வேண்டும். ஜன்னலுக்கு இரண்டு மூன்று அடுக்குக் கண்ணாடி வேண்டும். இடுக்குகளை எல்லாம் அடைக்க வேண்டும். 1991இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் கட்டப்பட்ட முதல் 'பாசிவ் ஹவுஸ்' குடியிருப்பு இந்த வழியை எல்லை வரை கொண்டுபோனது. அந்த வீடுகளில் குளிர்காலச் சூட்டின் பெரும்பகுதி ஜன்னல் வழி வரும் வெயில், அடுப்பு, விளக்கு, மனித உடல்கள் இவற்றிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

லடாக்கில் இன்னொரு வழி. லே நகருக்கு அருகில் செக்மோல் அமைப்பின் பள்ளி வளாகம் இடித்து இறுக்கிய மண்சுவர்களால் ஆனது. தெற்கு நோக்கிய பெரிய கண்ணாடிகள் குளிர்கால வெயிலை உள்ளே வாங்குகின்றன. அங்கே டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கு வானில் 32 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஜூனில் 79 டிகிரிக்கு ஏறிவிடும். ஒரு முழ அகலச் சன்ஷேட் போதும்: தாழ்ந்த குளிர்கால வெயில் அதற்கு அடியில் நுழைந்து தரையைச் சூடேற்றும், உயர்ந்த கோடை வெயில் வெளியே நிற்கும். குளிர்காலமும் கோடையும் இரண்டுமே கடுமையாக உள்ள ஊர்களுக்கு இந்த வானியல் ஒரு பெரும் பேறு. எந்த யந்திரமும் இல்லாமல் ஒரே ஜன்னல் ஆறு மாதம் அடுப்பாகவும் ஆறு மாதம் நிழலாகவும் வேலை செய்கிறது.

நாம் பத்தே கால் டிகிரி வடக்கு அட்சரேகையைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி இருக்கிறோம். நம் சூரியன் வேறு. சித்திரைப் பிறப்பு முடிந்து நாலைந்து நாளில் புதுக்கோட்டையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். கம்பத்துக்கு நிழலே இருக்காது. அதன்பின் வடக்கே நகர்ந்து, ஆவணி இரண்டாம் வார வாக்கில் மறுபடி உச்சியைக் கடந்து தெற்கே போகும். இடைப்பட்ட நாலு மாதமும் நண்பகல் வெயில் வடக்குப் பக்கத்திலிருந்து வருகிறது. ஜூன் மாதத்தில் சூரியன் மறைவது மேற்கிலிருந்து இருபத்து நாலு டிகிரி வடக்கே தள்ளி. வடக்கு ஜன்னலுக்குச் சன்ஷேட் தேவையில்லை என்று சொல்லும் பாடநூல்கள் வேறு அட்சரேகைக்கு எழுதப்பட்டவை. நமக்கு வடக்கிலும் சன்ஷேட் வேண்டும். தெற்கிலும் வடக்கிலும் அது எளிதான வேலை: டிசம்பர் நண்பகலில்கூட நம் சூரியன் 56 டிகிரி உயரத்தில் நிற்பதால், இரண்டடிச் சன்ஷேட் அதற்குக் கீழே மூன்றடிச் சுவரை மறைத்துவிடும். கிழக்கிலும் மேற்கிலும்தான் சன்ஷேட்டால் பயனில்லை. காலையும் மாலையும் வெயில் கிடைமட்டமாக வந்து சுவரில் முழுசாக அறைகிறது.

எனவே வீட்டின் நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்க வேண்டும். குட்டைச் சுவர்கள் கிழக்கும் மேற்கும். இந்த மாவட்டத்துக்குள்ளேயே திருமயம் வட்டாரத்தில் ராயவரம், கடியாபட்டி, அரிமளம் போன்ற ஊர்களில் நகரத்தார் கட்டிய வீடுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. செட்டிநாடு என்றாலே காரைக்குடி நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஊர்த் தொகுதியின் ஒரு பகுதி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை, பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருளில் எழுந்த வீடுகள் இவை. தேக்குத் தூண்களையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் படம் எடுக்க வருபவர்கள் அதிகம். எனக்கு இவற்றின் பெரிய செல்வம் காற்றும் வெப்பமும் நடமாடும் ஏற்பாடாகவே படுகிறது.

பங்குனி மதியம் அப்படி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் திண்ணையும் முகப்பும். அதைத் தாண்டி வளவு: நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் நிறுத்திய பத்தி, பத்தியை ஒட்டி அறைகள். அடுத்து இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு. வாசற்படியில் நின்று பார்த்தால் எல்லா நிலைக்கதவுகளும் ஒரே நேர்க்கோட்டில் வரிசையாகத் திறந்து, பின்கட்டின் கடைசி வாசல் வரை கண் போகும். கண் போகும் வழியில் காற்றும் போகும். சுவர்கள் கனமானவை; மேலே கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்து கண்ணாடிபோல் தேய்த்துப் பூசப்பட்டிருக்கும். சாய்ந்த கூரையில் நாட்டு ஓட்டை ஒற்றை வரிசையாக இல்லாமல் பல அடுக்காக வேய்ந்திருப்பார்கள். வளைந்த ஓடுகளுக்கு இடையே சிக்கிய காற்று நல்ல வெப்பத் தடை. மேல் ஓடு சுட்டாலும் கீழ் ஓடு சுடாது. மேல் ஓட்டின் நிழலிலேயே கீழ் ஓடு கிடக்கிறது.

முற்றம் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள மார்கழிப் பனியைப் பார்க்க வேண்டும். இரவு வாசலில் நிறுத்திய சைக்கிளின் இருக்கை விடியலில் நனைந்திருக்கிறது. திண்ணைக்கு உள்ளே நிறுத்தியது நனையவில்லை. இரண்டையும் சூழ்ந்திருந்தது ஒரே காற்றுதான். வெளியே நின்றது திறந்த வானத்தைப் பார்த்து அகச்சிவப்புக் கதிராகத் தன் வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிட்டது. அதனால் ஈரம் அதன்மேல் படிந்தது. தெளிந்த இரவு வானம் நம் தலைக்கு மேல் உள்ள மிகப் பெரிய குளிர்சாதனம். முற்றத்தின் தரையும் அதைச் சூழ்ந்த ஓடுகளும் இரவெல்லாம் அந்த வானத்துக்கு வெப்பத்தைக் கொடுத்துத் தணிகின்றன. தணிந்த காற்று கனத்து முற்றத்தில் இறங்கி, பத்திகளுக்கும் அறைகளுக்கும் பரவுகிறது. கனத்த சுவர்கள் அந்தக் குளுமையை வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் மதியம் வரை செலவு செய்கின்றன. மேகமும் புழுக்கமும் உள்ள இரவுகளில் இந்த ஏற்பாடு அவ்வளவாக எடுபடாது. காற்றிலுள்ள நீராவி கதிரைத் திருப்பி அனுப்பிவிடும். இந்தியக் கட்டட விதிகளின் ஐந்து தட்பவெப்ப மண்டலங்களில் நாம் வெப்பமும் ஈரமும் கலந்த மண்டலத்தில் இருக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

பழைய வீட்டைப் புகழ்பவர்கள் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. கனத்த சுவர் பகலில் நண்பன். இரவில் காற்றோட்டம் இல்லையென்றால் அது பாரம். அந்த வீடுகளில் மக்கள் பகலை ஓர் இடத்திலும் இரவை இன்னோர் இடத்திலும் கழித்தார்கள். பத்தி, திண்ணை, மாடி என்று படுக்கை நகர்ந்தது. அறைகள் பெரும்பாலும் பொருள்களுக்கு. நாம் இன்று கதவைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் தூங்குகிறோம். அதனால் ஒன்பது இஞ்ச் மேற்குச் சுவர் நமக்குச் செய்யும் துரோகம் நம் வாழ்க்கை மாறியதன் விளைவும்கூட. இதற்கு மருந்து சுவரை இன்னும் தடிப்பாக்குவது இல்லை. மேற்குப் பக்கம் படுக்கையறையை வைக்காமல் மாடிப்படி, குளியலறை, சாமான் அறை ஆகியவற்றை வைத்துவிட்டால், எட்டு மணி நேரம் நடந்து வரும் வெப்பம் ஆளில்லாத அறையில் வந்து இறங்கும். மனை அமைப்பு அதற்கு இடம் தராவிட்டால் சுவரில் வெயிலே படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மனை நம் கையில் இல்லை என்பதும் நிஜம். புதுக்கோட்டை நகரத்தின் வீதிகளே கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் நூல் பிடித்தவை. நகரத்தைச் சீரமைத்த திவான் சேஷய்யா சாஸ்திரியின் பெயர் அதோடு சேர்ந்தே சொல்லப்படும். அதில் வடக்கு தெற்காக ஓடும் வீதியில், மேற்குப் பார்த்த இருபதடி மனை வாங்கியவருக்கு நீளச் சுவர் இரண்டும் பக்கத்து வீட்டோடு ஒட்டியிருக்கும். அது கெட்டதும் இல்லை; பக்கத்து வீடே நிழல். அவர் கவலைப்பட வேண்டியது வாசல் முகப்பைப் பற்றியும் கூரையைப் பற்றியும்தான்.

கூரைதான் எல்லாவற்றிலும் பெரிய வாசல், வெயிலுக்கு. உச்சிச் சூரியன் ஒரு சதுர மீட்டர் தளத்தில் சுமார் ஆயிரம் வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. தமிழக அரசு 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டின் பரப்பு 360 சதுர அடி. உதவித்தொகை மூன்றரை லட்சம் ரூபாய். பெரும்பகுதிக் கூரை கான்கிரீட். அந்தச் சின்னத் தளத்தின்மேல் சித்திரை நண்பகலில் விழுவது இருபத்தைந்து கிலோவாட்டுக்கு மேல். பழுத்துச் சாம்பல் நிறமான கான்கிரீட் அதில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிக்கொள்ளும். அஞ்சு இஞ்ச் தளத்துக்குள் வெப்ப அலை மூன்று மணி நேரத்தில் கீழே வந்துவிடும்; பாதியை ஒட்டிய உயரத்தோடு வரும். செங்கலைவிடக் கான்கிரீட் வெப்பத்தை வேகமாகக் கடத்தும். தளத்தின் அடிப்பக்கம் 45 டிகிரியில் இருந்தால், 35 டிகிரியில் இருக்கும் தளத்தோடு ஒப்பிட, ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் எழுபது வாட் அளவுக்கு அதிகக் கதிர்வீச்சு கீழே படுத்திருப்பவர்மேல் பொழியும். அறைக் காற்று எவ்வளவு வெப்பம் என்று அளந்தால் இது தெரியாது. விசிறி சுழன்றும் உடம்பு எரிகிறதே என்று சொல்கிறோமே, அந்த எரிச்சல் காற்றிலிருந்து வருவதில்லை, தளத்திலிருந்து நேரே வருகிறது.

இதற்கு மிக மலிவான பதில் சுண்ணாம்பு. மாசி முடிவதற்குள் தளத்தைக் கூட்டிக் கழுவி, கிளிஞ்சல் சுண்ணாம்பை நீர்த்து, ஒட்டுவதற்குப் பசை சேர்த்து இரண்டு கை அடித்தால், விழும் வெயிலில் முக்கால் பங்கை ஒட்டி அது வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். மழையும் தூசியும் அதைக் கெடுக்கும். ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். ஆனால் ஒரு வீட்டுக்குச் சில மணி நேர வேலையும் சொற்பக் காசும்தான். வெள்ளைத் தளம் இரவில் வானத்துக்கு வெப்பத்தை இழப்பதிலும் குறை வைக்காது; கண்ணுக்கு வெள்ளையாக இருக்கும் சுண்ணாம்பு அகச்சிவப்புக்குக் கறுப்புபோலவே நடந்துகொள்கிறது. வெறும் தகரம் அப்படி இல்லை. பளபளக்கும் புதுத் தகரம் வெயிலைத் திருப்பினாலும் தன் வெப்பத்தை வெளியேற்றத் தெரியாமல் கொதிக்கும்.

இன்னும் கொஞ்சம் செலவு செய்ய முடிந்தவர்களுக்கு நம் ஊர்க் கொத்தனார்களுக்குத் தெரிந்த பழைய வேலை இருக்கிறது: தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கட்டையால் அடித்து இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதிப்பது. துளைகள் நிறைந்த செங்கல் ஜல்லி தடையாகவும் தாமதமாகவும் இரண்டு வேலை செய்யும். செலவு மிச்சம் என்று இதை விட்டுவிட்டுச் சிமென்ட் பூச்சோடு நிறுத்திக்கொள்வது இப்போது பரவலாகிவிட்டது. எனக்கு இது மிகுந்த வருத்தம் தருகிறது. மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு 2018 டிசம்பரில் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்பு விதிமுறை, கூரை வழியே வெப்பம் கடக்கும் வேகத்துக்கு 1.2 என்ற உச்ச வரம்பை வைத்திருக்கிறது. வெறும் கான்கிரீட் தளத்துக்கு அந்த எண் 3க்கு மேல் போகும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ஓடு நிரப்பிய தளமும் ஒரு நல்ல வழி: தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட்டுக்கு வேலையில்லாத இடங்களில் பழைய ஓடுகளைக் கவிழ்த்து வைத்து வார்ப்பார்கள். சிமென்டும் மிச்சம், ஓடுகளுக்கிடையே அடைபட்ட காற்றும் கிடைக்கும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்தபோது இந்த மாவட்டம் ஒரு கூரையை இழந்தது. கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி பக்கம் தென்னையும் பலாவும் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. விவசாயிகளின் இழப்பு பெரிது. அதைப் பலரும் எழுதினார்கள். அவர்களின் வீடுகளுக்கு மேல் இருந்த நிழலும் அதே இரவில் போனது. வெப்பத்தைத் தடுப்பதில் கீற்றுக் கூரைக்கு இணை குறைவு. ஆனால் அது தீயிலும் புயலிலும் நிற்காது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் புயலில் பறக்கும், வெயிலில் வேகும். கான்கிரீட்டை மக்கள் விரும்புவதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கான்கிரீட்டின் வெப்பத்தைக் கழிக்கும் வேலையை வீட்டோடு சேர்த்தே யோசிக்க வேண்டும்.

மேற்கில் ஒரு புங்கை வைக்கலாம். மாசியில் இலையைக் கொட்டி, வெயில் உக்கிரமாவதற்குள் தளதளவென்று துளிர்த்துவிடும் மரம் அது. மார்கழி மாலையில் கொஞ்சம் வெயில் வேண்டுபவர்கள் கிளையை அடர விடாமல் கழித்துக்கொள்ளலாம். அது வளரச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை மேற்குச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் பந்தல் போட்டு அவரையோ பீர்க்கையோ ஏற்றிவிடலாம். இலைகள் நிழலும் தரும், நீராவியை வெளிவிட்டுத் தங்களையும் குளிர்வித்துக்கொள்ளும்; அதனால் வெயிலைத் தடுக்கும் தகர மறைப்பைப்போல அவை சுவர்மேல் அனல் வீசுவதில்லை.

இவ்வளவும் செய்த பிறகு யந்திரத்துக்கு வரலாம். பழைய விசிறி 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி விசிறி அதே காற்றை 30 வாட் அளவில் தரும். ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் வரை தின்னும். இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம் பெறும் தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு, இரவு எட்டு மணி நேர ஏசி அந்த நூறை இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடும். வெந்த தளத்துக்கு அடியில் ஓடும் ஏசி பாதி நேரம் தளத்தைத்தான் குளிர்விக்கிறது. நிழலும் வெள்ளையும் உள்ள வீட்டில் பங்குனி முதல் ஆடி வரை சில வாரங்களுக்கு மட்டுமே அது தேவைப்படும். சிறிய ஏசியே போதும்.

கனவு இல்லம் திட்டத்தின் மூன்றரை லட்ச ரூபாய் வீட்டில் ஏசி வராது. அங்கே வெயிலைத் தாங்குவது குழந்தைகளும் முதியவர்களும் வேலை முடித்துக் களைத்து வரும் பெண்களும். அந்த வீடுகளின் மதிப்பீட்டுப் படிவத்தில் கம்பிக்கும் சிமென்டுக்கும் இருப்பதுபோல, தளத்தின்மேல் செங்கல் ஜல்லிக்கும் தட்டோட்டுக்கும் தனியாக ஒரு வரியும் அதற்கான தொகையும் வேண்டும். மேற்குச் சுவர் ஓரம் இரண்டு மரக்கன்றுகளுக்கும் வேண்டும். ஆயிரம் வீடுகளை ஒரே வரைபடத்தில் கட்டும்போது படுக்கும் இடத்தைக் கிழக்கே தள்ளி வரைய ஒரு பைசா கூடுதல் செலவில்லை.